இடப்பக்கத்து இருக்கை

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், கடைகள் ஓய்ந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் இந்திரஜித்தின் கராஜ் இருந்தது. எந்த வண்டி வந்தாலும் பார்ப்பான் என்றாலும் அவன் பெயர் எடுத்தது வண்டியின் கீழ்ப்பக்க வேலையில்தான். ஸ்பிரிங் உட்கார்ந்து போனாலும், அதிர்வைத் தாங்கும் ஷொக்கில் எண்ணெய் கசிந்தாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் வெலிமடையிலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள். மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அங்கே ஏறும் பாதையில் எந்த வளைவில் எந்த வண்டி உடையும் என்று பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தனக்குத் தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்வான்.

அவனுக்கென்று ஒரு கார் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஜப்பான் டர்போ கார். எங்கோ மோதி நொறுங்கிக் கிடந்ததை வாங்கி, மூன்று வருடம் மெனக்கெட்டு நிமிர்த்தியிருந்தான். மலைப்பாதைக் கார்ப் பந்தயத்தில் அதை இரண்டு முறை ஓட்டி, ஒரு முறை மூன்றாவதாக வந்தான். பந்தயம் போவதை நிறுத்திய பிறகும் காரைச் சும்மா விட மனம் வரவில்லை. அந்த ஐப்பசியில் நான்கு சக்கரத்துக்கும் கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங் போட்டுக் காரை இரண்டு அங்குலம் தாழ்த்தினான். வளைவில் கார் சாய்வதே இல்லை. கை நினைத்த இடத்தில் திரும்பியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் மனைவி பிரஷாந்தினி மடுல்சீமையில் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். கிழமை நாட்களில் அங்கே விடுதியில் தங்குவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் போய்க் கூட்டி வருவான்.

ஸ்பிரிங் மாற்றிய அடுத்த வெள்ளிக்கிழமை, மழை பெய்து ஓய்ந்திருந்தது. மடுல்சீமையை விட்டு இறங்கும்போதே மெதுவாகப் போகச் சொல்லி அவள் இரண்டு முறை கேட்டாள். அவனுக்கோ காரைக் காட்டும் ஆசை. ஒரு வளைவைக் கடந்து நேர்ப் பாதைக்கு வந்தபோதுதான், மழைத் தண்ணீர் மதகின் ஓரத்தை அறுத்துக் கொண்டு போயிருப்பதைக் கண்டான். பிரேக்கை மிதிப்பதற்குள் முன் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தாழ்த்திய காரில் ஷொக் அமுங்குவதற்கு மிச்ச இடமில்லை. இரும்போடு இரும்பு மோதியது. பிரஷாந்தினி "அம்மா" என்றாள். ஒரே முறைதான்.

"சின்னப் பள்ளம்தான்" என்றான் அவன்.

அவன் வண்டியை நிறுத்தவில்லை. பசறையைத் தாண்டும்போதுதான், அவள் இரண்டு கைகளையும் இருக்கையில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடித்தபடி வருவதைக் கவனித்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. அவளுடைய எலும்புகள் முன்பே பலவீனமாக இருந்திருக்கின்றன, அது யாருக்கும் தெரியாது. நரம்பில் படாதது புண்ணியம் என்றும், மூன்று மாதம் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். இந்திரஜித் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஸ்கூல் படியில வழுக்கி விழுந்துட்டேன், டொக்டர்."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டான். அப்பாவுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் உங்களைக் குத்திக் காட்டுவார் என்றாள். அவள் அப்பா இராமையா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்ப் பைத்தியத்துக்குப் பெண் கொடுக்க முடியாது என்று ஒரு வருடம் பிடிவாதம் பிடித்தவர். அவர் நினைவு வந்ததும் இந்திரஜித் மறுபேச்சுப் பேசவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் படிக்கட்டுக் கதையே சொல்லப்பட்டது.

இராமையா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறி மடுல்சீமைக்குப் போய், பாசி பிடித்த படியில் டீச்சர்மார் விழுந்து சாக வேண்டுமா என்று அதிபரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தார். இது இந்திரஜித்துக்கு, பத்து நாள் கழித்து மருத்துவச் சான்றிதழைக் கொடுக்கப் பாடசாலைக்குப் போனபோதுதான் தெரியவந்தது. அதிபர் அவனை உட்கார வைத்து, ஆறுதலாக ஒரு சேதி சொன்னார்.

"நாங்களும் சும்மா இருக்கலங்க. படிய ஒழுங்கா கழுவாத அந்த ராசம்மாவ நிப்பாட்டிட்டோம்."

ராசம்மாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் பிறந்த அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தவள். புருஷன் போன பிறகு, பன்னிரண்டு வருடமாக அந்தப் பாடசாலையைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தவள். சான்றிதழை மேசையில் வைத்தான், தலையை ஆட்டினான், எழுந்து வந்துவிட்டான். வெளியே அந்தப் படிகளில் இறங்கும்போது பார்த்தான். நான்கே படி. பாசியின் சுவடுகூட இல்லை.

பிரஷாந்தினியிடம் அதைச் சொல்லவில்லை. படுத்துக் கிடப்பவளிடம் இதை வேறு எதற்குச் சொல்வது என்று முதலில் நினைத்தான். பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று நினைத்தான். சொல்ல முடியாததையெல்லாம் காரில் இறக்கினான்.

கட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே வகையில் சாதாரணக் காருக்கு வரும் மிருதுவான ஸ்பிரிங்கைப் போட்டான். கார் பழைய உயரத்துக்கு வந்தது. பள்ளங்கள் தெரியவே இல்லை. ஆனால் பட்டை கட்டிய பிரஷாந்தினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் கார் படகுபோல் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஆடியது. சாயும்போதெல்லாம் அவள் இடுப்பை இறுக்கி உடம்பை நேராக வைக்கப் பாடுபட்டாள். திரும்பி வரும்போது ஒரு கடையோரம் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். இடிக்கிறதே தேவலை என்றாள். அடுத்த நாள் அவன் தனியாகப் பசறைப் பக்கம் ஓட்டிப் பார்த்தான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது கார் சாய்ந்த சாய்வில் அவன் நினைத்த இடத்தில் நில்லாமல், பள்ளத்தாக்கின் விளிம்புக் கல்வரை போய் நின்றது. இறுக்கினால் முதுகை உடைக்கிறது, தளர்த்தினால் ஆளையே கொண்டுபோகப் பார்க்கிறது.

பதுளையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்த மொஹிதீனிடம் போனான். வயதில் மூத்தவர். பந்தயக் காலத்திலிருந்தே பழக்கம், 'நானா' என்று அண்ணன் முறையில்தான் இந்திரஜித் அவரைக் கூப்பிடுவான். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தார்கள். பள்ளத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, வளைவில் சாயாமல் பிடிப்பதை வேறொன்றிடம் கொடுக்கலாமே என்றார் மொஹிதீன். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ரோல் பார் கம்பியில் பருமனான ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அது நேர்ப் பாதையில் சும்மா இருக்கும், சாயும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கும். ஸ்பிரிங்கை நடுத்தரமாக மாற்றினான். திருகி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய ஷொக் போட்டான். அழகுக்காகப் போட்டிருந்த பெரிய வீல்களைக் கழற்றிச் சின்ன வீலும் பக்கம் உயர்ந்த டயரும் போட்டான். அந்த ரப்பரே பாதி அடியை வாங்கிக்கொண்டது.

எல்லாம் பூட்டி முடித்ததும், மொஹிதீனை ஓட்டச் சொல்லிவிட்டு இந்திரஜித் இடப்பக்கத்து இருக்கையில் ஏறினான். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. மடுல்சீமை ஏற்றத்தில் பள்ளம் வருவது தெரிந்தது. ஆனால் பிடிக்க ஸ்டியரிங் இல்லை, மிதிக்க பிரேக் இல்லை. ஓட்டுகிறவன் உடம்பு பள்ளத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவள் அவனை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த மதகைக் கடந்தபோது ஷொக் அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து அடங்கியது. முதுகில் எதுவும் படவில்லை. இருந்தும் அவன் கை கதவுப் பிடியை விடவில்லை.

"என்ன தம்பி, இன்னும் இறுக்கமா?" என்று கேட்டார் மொஹிதீன்.

"இல்ல நானா. இது போதும்."

போதும்தான். அவன் கைப்பட்ட வேலைகளில் அதுதான் திறமான வேலை. அதை நினைத்து அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தை பிறந்து, பிரஷாந்தினி மறுபடி வேலைக்குப் போகும் நாள் வந்தது. மடுல்சீமைவரை கார் அவளை நோகடிக்கவில்லை. வளைவுகளில் உடம்பு ஆடவும் இல்லை. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க என்று அவளே சொன்னாள். பாடசாலை வாசலில் இறங்கியவள், படிகளைக் கூட்டிக்கொண்டிருந்த புதுப் பெண்ணைப் பார்த்து, ராசம்மாக்கா எங்கே என்று கேட்டாள். அந்தப் பெண் விவரத்தைச் சொன்னாள். பிரஷாந்தினி திரும்பிக் காருக்கு வந்தாள். இந்திரஜித்தின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போருந்து?"

"சான்றிதழ் குடுக்க வந்த அன்னைக்கே."

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். பொய் சொன்னவள் நான்தான் என்று மெதுவாகச் சொன்னாள். "ஆனா நான் படுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க நடமாடிக்கிட்டுத்தான இருந்தீங்க." சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ராசம்மா இப்போது பெரகலைச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை இருவரும் போனார்கள். அப்புத்தளைவரை மூடுபனி. பெரகலைக்கு இறங்கும் அந்தக் கொண்டை வளைவுகளில் கார் நிதானமாக இறங்கியது.

ராசம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி கடையின் பின்புறத்துக்கு வந்தாள். டீச்சர் நடமாடுவதைப் பார்த்து முதலில் அவள் முகம் மலர்ந்தது. பிரஷாந்தினி ஒன்று விடாமல் சொன்னாள். இந்திரஜித் தலை குனிந்து நின்றான். கேட்டு முடித்ததும் ராசம்மா பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நான் அந்தப் படிய எத்தன தடவ போயிப் பாத்தேன் தெரியுமா, டீச்சர்? கண்ணு தெரியாமப் போச்சோ, புத்தி கெட்டுப் போச்சோன்னு என்னயே சந்தேகப்பட்டேன்."

வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்று பிரஷாந்தினி அழுதாள். வேண்டாம் என்றாள் ராசம்மா. இங்கே கடைக்காரர் நல்ல மனுஷன், மகள் வீடும் பக்கம். பிறகு இந்திரஜித்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறந்த லயத்துல என் பேரு கெட்டுக் கெடக்குதுப்பா. அத மட்டும் எல்லார் முன்னாடியும் சொல்லிடு."

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவன் போனான். மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். பாதிப் பேர் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள். மாமனாரும் வந்திருந்தார், அவன்தான் வரச் சொல்லியிருந்தான். அதிபர் பேசி முடித்ததும் அவன் எழுந்தான். என் மனைவி படியில் விழவில்லை, நான் ஓட்டிய காரில்தான் முதுகு உடைந்தது, ராசம்மாக்காவின் மீது ஒரு குற்றமும் இல்லை, அது தெரிந்தும் நான் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னான். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன் வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், பாவம் அந்த ராசம்மா என்றாள். அதிபர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். ராசம்மாவின் பெயரைக் குறிப்பிட்டுப் பாடசாலை வருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

இராமையா கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மகளின் தலையில் ஒரு முறை கை வைத்தார். மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. காரில் போகலாமே என்று பிரஷாந்தினி பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் குடையை விரித்துக்கொண்டு, பஸ் வரும் பாதையை நோக்கி இறங்கிப் போனார்.