காப்புக்குள் சிக்கிய லாரிக்காரன்

மூலக்காட்டுப்புதூர் என்றால் பக்கத்து ஊர்க்காரனே யோசிப்பான். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலைக்காட்டு வழியே மேற்கே நடந்தால் வரும். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பொதுக்கிணறு, கொஞ்சம் ஓட்டு வீடுகள். மழை பொய்த்த வருசங்களில் ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக மாட்டை விற்றுவிட்டு லாரி ஏறினார்கள். எண்பத்து மூன்றாம் வருசத்தில் பாதி ஊர் பம்பாய் ரோட்டில்தான் கிடந்தது.

மாரியாத்தாளுக்கு லாரியாவது, லோடாவது! அவள் சட்டம் பழைய சட்டம்தான். நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள், பதினைந்து நாள் கழித்துக் கம்பம் பிடுங்கும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மீறினால் அம்மை வார்த்துவிடும் என்று பயம். அதனால் லாரிக்காரர்கள் காப்புக்கு முன்னாலேயே கம்பி நீட்டிவிடுவார்கள். அதில் பலே கெட்டிக்காரன் சென்னிமலை, வசந்தாமணியின் புருசன்.

வசந்தாமணியைப் பெற்ற அய்யன் கிணற்றுமேட்டை விட்டு நகராத மனுசர். கூப்பிட்ட குரலுக்கு எந்நேரமும் பதில் வரும். அப்படி வளர்ந்தவளுக்கு, மாசத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் வந்துபோகிற புருசன் வாய்த்தான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் போன மாசம் அவன் வந்தபோது மூன்று வயசு மகள் கோகிலா உள்ளே ஓடிவந்து, “அம்மா, லாரிக்காரங்க வந்திருக்கறாங்க” என்றதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சென்னிமலை சிரித்து மழுப்பினான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

இந்த நோம்பிக்காவது மனுசன் வீட்டில் இருந்தாக வேண்டும், பிள்ளை அப்பன் முகத்தைப் பழகியாக வேண்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தப் பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தள்ளிப்போட்டால் கம்பத்துக்கு ஊற்றக்கூடத் தண்ணீர் இருக்காது என்று ஊர்க்கவுண்டர் தங்கசாமி நோம்பியை ஒரு வாரம் முன்னால் இழுத்தார். இது வெளியில் இருக்கிற சென்னிமலைக்குத் தெரியாது. அவனோடு வண்டி ஓட்டும் வெளியூர்க்காரன் கந்தப்பன் வந்து சேதி சொன்னான்.

“செவ்வாக்கெழம வாராருங்க. மக்யாநாளு புதங்கெழமையே கெளம்பீருவாரு. காப்பு அடுத்த வாரந்தானுங்களே? ஏதாச்சும் சொல்லோணுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. பசியோட வரச் சொல்லுங்க, போதும்.”

அழுத்தக்காரி! செவ்வாய்க்கிழமை அவன் வந்ததும் கோழியடித்துக் குழம்பு வைத்தாள். நாளையிலிருந்து ஊரில் கவுச்சி கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. தின்றவன் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினான். பொழுது சாய, மேளச் சத்தம் கேட்டு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

“என்ன புள்ள மேளம்?”

“கம்பம் நட்டாச்சுங்க. காப்புக் கட்டறாங்க.”

“அடுத்த வாரந்தானே! ஏம்புள்ள சொல்லுல?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

குதியோ குதி என்று குதித்தான். ஜவ்வரிசி லோடு காத்திருக்கிறதே! சங்ககிரியில் இருக்கிற லாரி முதலாளிக்கு ஆள் அனுப்பினான். “ஆத்தா காரியத்துல நான் என்னத்தப் பேசறது” என்று முதலாளி வேறு டிரைவரை ஏற்றிவிட்டார்.

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? பெண்டுகள் கம்பத்துக்கு மஞ்சத்தண்ணி ஊற்றப் போகையில் பின்னாலேயே போனான். கோகிலாவின் சொம்பு கம்பத்துத் தலைக்கு எட்டவில்லை. தூக்கிப் பிடித்தான். பிள்ளை முதலில் விறைத்தது. ஊற்றி முடித்ததும் இறங்க மாட்டேன் என்றது. சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆடினான், தோளில் பிள்ளையோடு. அப்புறம் வீட்டில் “அய்யா, அய்யா” என்ற சத்தம் ஓயவே இல்லை. கேட்கக் கேட்க வசந்தாமணிக்கு வயிறு நிறைந்துபோயிற்று.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட மறுநாள் காலை, முதலாளி அனுப்பிய லாரி ஊர் முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. சென்னிமலை பையை எடுத்தான். அவ்வளவுதான்! கோகிலா அவன் காலைக் கட்டிக்கொண்டு, தெருவே எட்டிப்பார்க்கும்படி வீறிட்டு அழுதது. வசந்தாமணி பதறிப்போனாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. பிள்ளையைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள், உடும்புப்பிடி. போகிற நேரத்தில் பிள்ளையை இப்படி அழவிட்டாளே என்று கோபிப்பானோ என்று பயந்து நிமிர்ந்தாள்.

சென்னிமலையின் கண்ணிரண்டும் தளும்பி நின்றன. வாயெல்லாம் பல்.

“வுடு புள்ள, அழுவட்டும்” என்றான். “எனக்காவ அழுவுது பாரு!”