வேனில் ஏறினால்தான் ஆட்டக்காரன்

எங்கள் கால்பந்து அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது விளையாட்டு விதியல்ல, ஒரு மஞ்சள் வேன். பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருக்கும் எங்கள் அணி முதலாளிக்குச் சொந்தமானது. வாரநாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுமக்கும், சனி, ஞாயிறு எங்களைச் சுமக்கும். இரண்டில் எந்தக் கூட்டம் அதிகம் கத்தும் என்று டிரைவரைக் கேட்டால், நம்மைத்தான் கை காட்டுவார். டிரைவர் போக உட்காரும் இடம் பதினெட்டு. முன்சீட்டு, பயிற்சி கொடுக்கும் மாஸ்டருக்கு. மிச்சம் பதினேழு. ஆகவே அணியில் பதினேழு பேர்.

அதில் பதினேழாவது ஆள் நான். கடைசி வரிசை, வலது ஜன்னல், சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சீட்டு. எட்டு வருடமாக அதில் உட்கார்ந்து உட்கார்ந்து, பஞ்சு என் உடம்புக்கு அளவெடுத்த மாதிரி பள்ளம் விழுந்து கிடந்தது.

தொழில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. வயது முப்பத்தேழு. அணியில் நான் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பர் ஒரு வெல்டர், கை இரண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வராது, கால் சுளுக்காது. அதனால் எனக்கு வேலையும் வராது. போன வருடம்தான் அவர் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்? குலதெய்வம் கோயில் வெளியூரில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் போய்விட்டார். இரண்டு ஆட்டத்துக்கும் நான் நின்றேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு காதிலும் ஒவ்வொரு ஓட்டைதான். எனக்கு விழுந்தது பதினொன்று. ஆறு அணிகளில் நாங்கள் ஆறாவதாக வந்தோம்.

எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வருடா வருடம் புதிதாகப் பெயர் கொடுக்கும் ஆட்டக்காரர்களை, போட்டி தொடங்கும் முன் அணிகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். முந்தைய வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் பந்தி. நல்ல ஆளாகப் பார்த்து முதலில் எடுத்துக்கொள்ளலாம். நான் விட்ட பதினொரு கோலால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

பங்கு பிரிப்பதற்கு நாலு நாள் முன்பு, செந்துறையிலிருந்து ஒருவன் என் கடைக்கு வந்தான். இருபத்தோரு வயது இருக்கும். வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தான். கையில் போட்டிக்கான விண்ணப்பம்.

“அண்ணே, ‘ஆடும் இடம்’னு கேக்குதே, என்ன எழுதுறது?”

“நீ எங்க ஆடுவ?”

“எங்க வேணா ஆடுவேண்ணே. கோல்லயும் நிப்பேன்.”

“எங்க வேணா ஆடுவேன்னு எழுதுனா எவனும் எடுக்க மாட்டான். இவ்வளவு ஒசரம் இருக்க. கோல்கீப்பர்னு போடு.”

உயரம் என்ற கட்டத்தில் ‘ஆறடி’ என்று எழுதப் போனான். நான் விடவில்லை. ஷட்டரோடு சேர்த்து நிற்க வைத்து, டேப்பை எடுத்து அளந்தேன். ஆறடி ஒன்றரை அங்குலம். “ஒண்ணர அங்குலத்த ஏன்டா விடுற? அதுதான் கோல தடுக்கும்” என்று நானே என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஆதார் அட்டையை இரண்டு காப்பி எடுத்து, பின் அடித்து, “நல்லா வருவடா” என்று அனுப்பியும் வைத்தேன். கடையில் அப்போது கூட்டம். நான் வெறும் ஜெராக்ஸ் கடைக்காரனாக இருந்தேன். எனக்குள் இருந்த இரண்டாவது கீப்பர் சாப்பிடப் போயிருந்தான் போல.

பங்கு பிரித்த அன்று மாஸ்டர் எழுந்து நின்று, முதல் ஆளாக அவனைக் கேட்டார். ‘கோல்கீப்பர், ஆறடி ஒன்றரை அங்குலம்’ என்று படித்தார்கள். என் கையெழுத்து. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பாதித் தட்டலில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். நான் காப்பிக் காசுகூட வாங்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு சுலபம். பழைய ஆட்களில் ஒருவன் துபாய்க்கும் ஒருவன் திருப்பூருக்கும் போய்விட்டான். புதிதாக மூன்று பேர் வந்தார்கள். ஆக பதினெட்டுப் பேர், பதினேழு சீட்டு. ஒரு ஆள் குறைய வேண்டும். பதினேழு பேரில் மூன்று கீப்பர்களை எந்த மாஸ்டரும் வைத்துக்கொள்ள மாட்டார். ஒன்றரை மாதப் பயிற்சிக்குப் பிறகு பட்டியல்.

பயிற்சி நடப்பது வற்றிப்போன ஏரிக்குள். நான் காலையில் கம்பங்கூழ், மத்தியானம் அரை வயிறு என்று ஆரம்பித்தேன். பாய்ந்து விழுந்து பந்தைப் பிடிக்கும் வித்தையை வீட்டில் கட்டில் மேல் பழகினேன். மூன்றாவது பாய்ச்சலில் மனைவி உள்ளே வந்தாள்.

“ஏங்க, கட்டில் எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ஒடஞ்சுதுன்னா அவருகிட்ட நான் என்னன்னு சொல்றது? கோல்கீப்பர் பிராக்டீஸுன்னு சொன்னா நம்புவாரா?”

கட்டிலில் விழுவது வேறு, காய்ந்த ஏரியில் விழுவது வேறு. வெடித்த கரிசல் கட்டியில் நான் இடப்பக்கம் விழுந்தால் பந்து வலப்பக்கம் போகும். நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த பந்தும் போகும். மாஸ்டர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

“யோவ், பந்தப் புடிக்க விழுறியா, இல்ல படுத்திருந்தா தானா வந்து மாட்டும்னு பாக்குறியா?”

செந்துறைக்காரனோ நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் போதும், பந்து அவன் கைக்கு வந்துவிடும். மரத்தில் மாங்காய் பறிக்கிற மாதிரி.

நேர்வழி சரிப்படவில்லை. குறுக்குவழியில் இறங்கினேன். தினமும் பயிற்சி முடிந்ததும் அவனைப் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை மாதம் பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் எப்பேர்ப்பட்டவனும் உருண்டுவிடுவான் என்பது என் திட்டம். அவன் எட்டு சாப்பிடுவான். தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவான் என்று துணைக்கு நான் ஐந்து. “போதும்ணே, ஏழு மணி பஸ்ஸ விட்டா வூட்டுக்குப் போவ முடியாது” என்பான். “இன்னும் ரெண்டு சாப்புடு” என்று இலையில் நானே வைப்பேன். மாதக் கடைசியில் மாஸ்டர் எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றினார். அவன் ஒரு கிலோ குறைந்திருந்தான். நான் நாலு கிலோ கூடியிருந்தேன்.

“அண்ணன்தான் மாஸ்டர் தெனமும் சாப்பாடு வாங்கித் தராங்க, அதான் தெம்பா இருக்கு” என்று அவன் வேறு நன்றி சொன்னான்.

பட்டியல் ஞாயிறு வந்தது. எங்கள் மாஸ்டர் பட்டியலை ஒட்ட மாட்டார், படிக்கவும் மாட்டார். வேனை ஏரிக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் கதவோரம் நின்று ஒவ்வொருவராக “ஏறு” என்பார். ஏறியவன் அணியில் இருக்கிறான், தரையில் நிற்பவன் வீட்டுக்குப் போகலாம். ஏறியவர்களோடு வேன் நேராக அரியலூர் போகும். அங்கே போட்டி நடத்தும் சங்கத்தின் ஆபீஸில் பதினொரு மணிக்குள் ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியிருந்தது. ஏரி முழுக்கக் கரிசல் சேறு. புத்தியுள்ளவர்கள் வேனைக் கரைமேல் நிறுத்துவார்கள். “வருசா வருசம் உள்ளதானே நிறுத்துறோம்” என்று மாஸ்டர் சொல்ல, டிரைவர் உள்ளே இறக்கினார்.

பதினாறு பேர் ஏறினார்கள். தரையில் அவனும் நானும். மாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

“நீ ஏறு தம்பி” என்று அவனிடம் சொன்னார். பிறகு என்னிடம், “நீ... கடையப் பாத்துக்கய்யா.”

எட்டு வருடம். ‘போய் வா’ என்றுகூட இல்லை, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் மாட்டிக்கொண்டது. அதே நேரத்தில் வேனும் மாட்டிக்கொண்டது.

சக்கரம் சுற்றியதே தவிர நகரவில்லை. மாஸ்டரைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். சும்மா நிற்க மனசு வராமல் நானும் தள்ளினேன். சேறு வாரி அடித்ததில் பதினெட்டுப் பேருக்கும் ஒரே முகம். வேன் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.

“நிறுத்த மாட்டேன், நிறுத்துனா மறுபடி மாட்டிக்கும்! ஓடியாந்து ஏறுங்க!” என்று டிரைவர் கத்தினார்.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவருகே மூச்சு வாங்கியபோது பின்னாலிருந்து, “நீங்க மொதல்ல ஏறுங்கண்ணே” என்று ஒரு கை என் இடுப்பைத் தூக்கி உள்ளே தள்ளியது. செந்துறைக்காரன்தான். பெரியவர்களுக்கு வழிவிட்டுப் பழகியவன். என்னை ஏற்றிவிட்டு அவன் காலை வைப்பதற்குள் வேன் கரையேறிப் போய்விட்டது.

நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் என் பள்ளத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னை உற்றுப் பார்த்தான்.

“ஏண்ணே, நீ ஏன் வந்த?”

“தெரியலடா. காலு வந்துச்சு, நானும் கூட வந்துட்டேன்.”

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தானே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் முன்சீட்டிலிருந்து திரும்பித் தலைகளை எண்ணினார். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன பழக்கம், தலைதான் எண்ணுவார், முகம் பார்க்க மாட்டார். “பதினேழு. சரியா இருக்கு.”

அப்போது என் போன் அடித்தது. வாட்ஸாப்பில் அணியின் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நீக்கியவர் எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த வெல்டர். அடுத்த நிமிடம் செந்துறைக்காரனிடமிருந்து அழைப்பு.

“அண்ணே, வேன் போயிடுச்சுண்ணே.”

“தெரியும்டா.”

“நீங்க எங்க இருக்கீங்க? ஏரியில காணோமே.”

“நான்... வேன்ல இருக்கேன்.”

“சீட்டு கெடச்சிடுச்சாண்ணே?” என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவனைத் திட்டக்கூட வழியில்லை. “அப்ப நான் எப்புடி வர்றது?”

“டவுன் பஸ்ல வா. எல்லா ஊர்லயும் நிக்கும், காத்தோட்டமா இருக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த டவுன் பஸ் அரியலூரைப் பதினொரு மணிக்கு மேல்தான் தொடும் என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் காற்று வந்தது. சீட்டு சுகமாக இருந்தது. ஐந்து நிமிடம்தான் தாங்கியது அந்தச் சுகம். திரும்பக் கூப்பிட்டேன்.

“டவுன் பஸ் ஏறிட்டியா?”

“இன்னும் வரலண்ணே.”

“ஏறாத. பின்னாடியே பிரைவேட் ஒண்ணு வரும், ஆரன் சத்தத்துலயே தெரியும். அதப் புடி. ஆதார் காப்பி இருக்கா?”

“நீங்க எடுத்துக் குடுத்தது இருக்குண்ணே.”

வழியில் ஒரு பம்புசெட்டில் வேனை நிறுத்தி எல்லோரும் சேற்றைக் கழுவினார்கள். முகம் கழுவினால் நான் யார் என்று தெரிந்துவிடும். கழுவவில்லை.

“யாருய்யா அது, கழுவாம?” என்றார் மாஸ்டர்.

“வெயிலுக்கு நல்லது மாஸ்டர்” என்றேன், குரலை மாற்றி.

“சரி, சீட்டுல ஒட்டாம ஒக்காரு.”

அந்த நேரம் பார்த்து ஒரு பிரைவேட் பஸ் ஊரையே எழுப்புகிற ஆரனோடு எங்களைக் கடந்தது. படிக்கட்டில் நின்ற ஒருவன் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினான். மாஸ்டரும் ஆட்டினார். “நம்ம புதுப் பையன் சாடையில ஒருத்தன் போறான் பாரு” என்றார்.

சங்க ஆபீஸ் ஒரு இரும்புக்கடை மாடியில். படியேறினால் செந்துறைக்காரன் கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனைப் பார்த்தார், எங்களை எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். கண் என் சேற்று முகத்தில் வந்து நின்றது.

“யோவ், நீயா?”

“கடையப் பாத்துட்டு வந்துட்டேன் மாஸ்டர்.”

“எறங்குய்யா மொதல்ல! பதினேழுதான் டீமு!”

சங்கச் செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். “யாரு மாஸ்டர் சொன்னா பதினேழுன்னு? இருபது வரைக்கும் சேக்கலாமே. விதியில போட்டிருக்கே, வருசா வருசம் குடுக்குறமே.”

விதித்தாளை நீட்டினார். மூன்றாவது வரியிலேயே ‘ஓர் அணிக்கு இருபது பேர் வரை’ என்று இருந்தது. தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு மெல்லிய கருப்புக்கோடு. என் மெஷினில் எடுத்தால் மட்டும் விழும் கோடு அது. எட்டு வருடமாக ஆறு அணிக்கும் அந்தத் தாளைக் காப்பி எடுத்துக் கொடுப்பவன் நான். ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

“படிச்சிருக்கலாம்ல?” என்றார் மாஸ்டர்.

“நீங்க?”

“வேனத்தானேய்யா பாத்தோம், விதிய எவன் பாத்தான்” என்று சொல்லிவிட்டுப் பேனாவை என்னிடம் தள்ளினார். “கையெழுத்தப் போடு. ஆனா ஒண்ணு. சீட்டு அவனுக்கு. நீ பஸ்ல வந்துக்க.”

இப்போது நான் மூன்றாவது கீப்பர். எட்டு வருடத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறேன், அதற்கு இனிப்பும் வாங்கிக் கொடுத்தேன். வெல்டர் என்னைக் குழுவில் மறுபடி சேர்த்தார்.

முதல் ஆட்டம் ஜெயங்கொண்டத்தில். அரியலூரில் பஸ் மாறி, பிரைவேட் பிடித்து, வேனுக்குப் பத்து நிமிடம் முன்பே போய் இறங்கிவிட்டேன். எதிரணி வரிசையாக நின்றது. நடுவர் மணியைப் பார்த்தார்.

“ஒங்க டீம் எங்க?”

“நான்தாங்க சார்.”

கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றேன். எனக்கு முன்னால் வெல்டர் இல்லை, செந்துறைக்காரன் இல்லை. பத்து நிமிடம் நான் முதல் கீப்பர். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கோல்கூட விடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு வேன் வந்தது. செந்துறைக்காரன்தான் முதலில் இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான்.

“அண்ணே, எப்புடிண்ணே எட்டு வருசம் அதுல ஒக்காந்தீங்க? சீட்டா அது, கெணறுண்ணே.”