வெல்லம் உடைத்த விரல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருவையாற்றுப் பக்கம் கூலிக்கு நாற்றுப் பறித்து, இன்று சொந்தமாக அரிசி ஆலை நடத்துகிறேன். நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்வேன். என் வாக்கை ஒரு வியாபாரியும் சந்தேகப்பட்டதில்லை. சென்னையிலிருக்கும் என் மகள் சந்தேகப்பட்டாள்.

சர்க்கரை, பிரஷர் எது பார்த்தாலும் அளவு அவளுக்கும் போகும்படி என் போனில் ஒரு ஆப் போட்டிருந்தாள். பொங்கலன்று ஆலையாட்களுக்கான சர்க்கரைப் பொங்கலுக்கு வழக்கம்போல நானே வெல்லம் உடைத்தேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, சர்க்கரை பார்க்க விரலைக் குத்தினேன். முந்நூற்றுப் பத்து என்று சிவப்பாகக் காட்டியது. உடனே மகள் அழைத்தாள்.

"பானையையே காலி பண்ணிட்டீங்களாப்பா?"

"ஒரு பருக்கைகூட வாயில வைக்கலம்மா!"

"மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றேனா?"

எனக்குப் பிரஷர் ஏறியதே அப்போதுதான். என் மனைவிதான், "வெல்லக் கையைக் கழுவிட்டுக் குத்துங்க" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவி, வீடியோவில் மகள் பார்க்கவே மறுபடி குத்தினேன். நூற்று முப்பது.

"சரிப்பா, இனிமே கழுவிட்டுப் பாருங்க" என்றாள். சந்தேகப்பட்டது தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை! அந்தச் சிவப்பை அழிக்கச் சொன்னால், டாக்டர் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். பக்கத்தில் 'வெல்லக் கை, அப்பா சாப்பிடவில்லை' என்று அவள் எழுதும்வரை நான் போனை வைக்கவில்லை.