சேசுவும் என் முன்பற்களும்

எங்கள் வீட்டில் இயேசு, மாதா கோயிலில் சேசு. சாமி ஒருவர்தான். ஆனாலும் அந்த முதல் எழுத்தை வைத்தே யார் புராட்டஸ்டண்டு, யார் கத்தோலிக்கர் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், வேலைக்காகக் கப்பலேறி வந்து குடியேறிய எங்கள் யாழ்ப்பாணத்துச் சனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிரம்பானிலிருந்து வரும் பெரியப்பாவுக்குக் கத்தோலிக்கர் என்றாலே வேப்பங்காய். "இங்கிலாந்து ராசாவே அவையளிலை பொம்பிளை எடுத்தால் முடியைக் கழட்டி வைக்கவேணும். சட்டம்! நாங்கள் ஆர்?" என்பார். ராசாவுக்கு அடுத்தபடி தாம்தான் என்று நினைப்பு. அவர் தங்கையான என் மாமி தலை நிமிராமல் வெங்காயம் உரிப்பாள்.

மாமிக்கு அடிக்கடி நூல்கண்டு தீர்ந்துபோகும். வாங்கப் போகும்போது ஆறு வயசு நான் துணை. வழியில் மாதா கோயில். அங்கே ஒரு ரயில்வே கிளார்க்கு எனக்குக் கச்சான் கடலை கொடுத்துவிட்டு மாமியோடு பேசுவார். நான் உள்ளே மெழுகுவர்த்திகளைப் பார்த்தபடி, எல்லாரோடும் "சேசுவே" என்று பாடுவேன்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன?" என்பாள் மாமி. தெரிந்தால் அடுத்த கப்பலில் யாழ்ப்பாணம்தான். அங்கே தாரமிழந்த ஒருவரைப் பெரியப்பா பார்த்து வைத்திருந்தார்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும்தான் சொன்னேன். பெரியப்பா வந்திருந்த அன்று மாலை ஜெபத்தில் என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சேசுவே, எங்கள் எல்லாரையும் காத்தருளும்" என்றேன்.

"ஆர் உனக்கு இதைப் பழக்கினது?" என்று பெரியப்பா அதட்டினார்.

மாமியின் முகம் வெளிறிப்போயிற்று.

அப்பா பைபிளைக்கூட மூடவில்லை. "பிள்ளைக்கு முன்பல் ரெண்டும் விழுந்திட்டுது, அண்ணை. 'இயேசு' எண்டு சொல்ல வருகுதில்லை" என்று என் வாயைத் திறந்து காட்டினார். பெரியப்பா குனிந்து பார்த்தார். பொக்கை வாய்தான். "பல் முளைச்ச உடனை திருத்து" என்று சொல்லி விட்டுவிட்டார்.

பிறகு கடிதத்துக்குக் கடிதம் என் பல்லை விசாரித்தார். "இன்னும் முளைக்கவில்லை" என்று அப்பா பதில் எழுதுவார். பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பல்லால் நான் கரும்பு கடித்துக்கொண்டிருப்பேன்.

மாமியின் கலியாணம் மாதா கோயிலில் நடந்தது. பெரியப்பா வரவில்லை. அவர் பங்குக் கேக்கையும் நானே தின்றேன். என் ஓட்டைப் பல்தான் மாமியைக் காப்பாற்றியது என்று வெகுகாலம் பெருமைப்பட்டேன்.

என் மகளுக்கு முன்பல் விழுந்தபோதுதான் சங்கதி புரிந்தது. 'இயே' என்று தொடங்க அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. 'சே' தான் வெறும் காற்றாகப் போயிற்று. அட, அப்பாவே! எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு என் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.