சம்மாந்துறைக்குப் போன என் வட்டிலப்பக் கடை

கல்முனையில் என் வீட்டிலேயே, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் இனிப்பான வட்டிலப்பம் செய்து விற்கிறேன். சம்மாந்துறையில் கலியாணம் முடித்த என் தம்பி, எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில்தான் இருக்கிறான். அவன் மனைவி றிஸ்னா சொல்லித்தர, அந்த வீட்டில் இருந்தபடியே வட்ஸ்அப்பில் கடைக்கு ஒரு பக்கம் திறந்தேன். கடை எங்கே என்று போன் கேட்டபோது, 'தற்போதைய இடம்' என்பதை அழுத்திவிட்டேன்.

பெருநாளுக்கு முதல்நாள், ஓடர் தந்த ஒருவரையும் காணவில்லை. செய்து வைத்த வட்டிலப்பம் அப்படியே கிடந்தது. அப்போதுதான் றிஸ்னா அழைத்தாள்.

"மதினி, உங்கட ஆக்கள் எல்லாம் எங்கட வாசல்ல நிக்காங்க. தேத்தண்ணி குடுத்து இருக்க வெச்சிருக்கன்."

நான் அழுத்திய 'தற்போதைய இடம்' அவள் வீடுதான் என்று விளங்கியது. "இந்தப் போனே வேணாம் புள்ள! நீயே வந்து திருத்து."

"நான் திருத்தினா நாளைக்கும் நான்தான் வரணும். ஆறுதலா இருங்க. நான் சொல்லச் சொல்ல நீங்களே அமத்துங்க."

திரும்பத் திரும்பப் பிழைவிட்டேன். அவள் குரல் உயரவே இல்லை. கடைசியில் வரைபடத்தில் என் தெரு வந்து நின்றது. அந்திநேர மஃரிபுத் தொழுகைக்கு முன் எல்லோரும் வந்து வாங்கிப் போனார்கள்.

இப்போது எதை மாற்றினாலும், வாங்க வருகிறவர் போல வேறொரு போனில் திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கும் இப்படியொரு பக்கம் திறக்க நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் தடுமாறும்போது போனைப் பறித்து நானே செய்துவிடக் கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொள்வேன்.