மணியன் கட்டிய பந்தயக் கார்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மணியனுக்கு, எண்பத்தாறாம் வருடத்தில், தம் நாற்பத்திரண்டாம் வயதில், பந்தயக் கார் கட்டும் ஆசை வந்தது. அதுவும் என்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிற கார். சோழவரத்தில் ஒருமுறை பந்தயம் பார்க்கப் போனதில் வந்த வினை.

"என்ஜினை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு எப்படீங்க ஓட்டுவீங்க?" என்றாள் மனைவி அங்கம்மாள்.

"பாரம் நடுவுல இருந்தாத்தான் வளைவுல வண்டி புடிச்சு நிக்கும். என்ஜின் மட்டும் லேசா இருக்கோணும்."

வெண்ணந்தூர் நூல் வியாபாரியிடம் பழைய தராசு ஒன்றை வாங்கிவந்து, கிடைத்த என்ஜினையெல்லாம் நிறுத்தார். அம்பாசிடர் என்ஜினைத் தூக்க நான்கு பேர் திணறியபோதே வேண்டாமென்று கையசைத்துவிட்டார். ஃபியட் பரவாயில்லை; ஆனால் அதன் நீண்ட கியர் பெட்டிக்கு இடமில்லை. மூன்று மாதம் கழித்து, பின்னால் லாரி இடித்து நசுங்கிய மாருதி ஒன்று சேலத்தில் விலைக்கு வந்தது. என்ஜின், கியர் பெட்டி எல்லாம் ஒரே பொட்டலமாக இருந்தது. என்ஜினைத் தனியாகக் கழற்றியதும் இரண்டே பேர் அலுங்காமல் தூக்கினார்கள். மணியன் அன்று மதியம் மட்டும் இரண்டு முறை சாப்பிட்டார். பிறகு, அதைப் பிடிக்கும் நட்டு போல்ட்டுகளைக்கூட நிறுத்துப் பார்த்தார்.

மெல்லிய குழாயில் சட்டம் வரைந்து வெல்டர் காத்தானிடம் கொடுத்துவிட்டு, எடப்பாடியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், சட்டம் முழுக்க லாரிக்குப் போடும் இரும்புச் சேனல்.

"ஏப்பா காத்தா, என்ன இது?"

"அந்தக் குழாயப் பாத்தா மனசே வரலீங்கண்ணா. நாளைக்கு ஒருத்தன் இடிச்சுட்டா நம்ம பட்டறை பேரு என்னாவறது?"

இருபது வருடமாகக் காத்தானிடம் மணியனே கத்திவந்த வார்த்தை அது. வெல்டிங் வேறு குற்றம் சொல்ல முடியாதபடி வரிவரியாக அழகாக இருந்தது. அறுக்கச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

எருமப்பட்டி சாலையில் வெள்ளோட்டம் விட்டபோது, ஏற்றத்தில் சைக்கிள்காரர் ஒருவர் கூடவே மிதித்துவந்து, "ரிப்பேருங்களா?" என்று விசாரித்தார்.

"இல்லீங்க, பழகறேன்" என்றார் மணியன்.

சிவப்புச் சாயமடித்து, கூரையில்லாமல் தாழ்வாக நின்ற அந்த வண்டியைப் பார்த்த லாரி அதிபர் பெரியசாமி, மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டார். மறுக்க முடியவில்லை. மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும்போது, காற்றோட்டமில்லாத என்ஜின் கொதித்தது.

"மாமா, முதுகு வேகுதுங்க" என்று முனகினான், ஓட்டிவந்த மணியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. மணியன் ஈரச்சாக்கை மடித்து அவன் முதுகுக்குக் கொடுத்தார்.

அந்த வருடம் மட்டும் பதினோரு கல்யாணம். வெண்ணந்தூர் மாப்பிள்ளை ஒருவன் ஆசையாகக் கேட்டான்: "இது எத்தன வேகம் போகுமுங்க?"

"நூத்தி இருவது போகுமுங்க தம்பி," என்றார் மணியன், கொஞ்சமும் கூசாமல். "மோளக்காரங்கதான் வழி உடோணும்."

சொல்லிவிட்டு, கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார்.