ஒட்டிலி வீட்டுப் பூமுடி

ஒட்டிலியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊராட்சியில் நானூறு பேர் இருக்கிறார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

நானும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். நடுவில் ஒரு வேலிதான். வெயில் விழுகிற சரிவு அவளுக்கு, ஏப்ரல் வரை பனி கரையாத சரிவு எனக்கு. அவள் புல்லறுத்துக் காயப்போட்டால் மூன்று நாள் மேகம் எட்டிப் பார்க்காது. நான் போட்டால் மத்தியானமே மழை. புருஷன் போன பிறகு பதினாலு மாட்டையும் தனியாளாகக் கறந்தாள். ஊர் வாத்தியக் குழுவில் கொம்பு ஊதினாள். ஊராட்சி மன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டாள். அவள் கொண்டுவந்த தீர்மானத்தால் முதல் தெருவிளக்கு என் வாசலுக்குத்தான் வந்தது. அந்த வெளிச்சத்தில் என் வீட்டுச் சுவரின் விரிசலெல்லாம் ஊருக்கே தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பூமுடியைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூனில் மலைமேய்ச்சலுக்குப் போகும் ஊர்க் கிடாரிகள் செப்டம்பரில் ஒரே மந்தையாக இறங்கும். முன்னால் வரும் கிடாரியின் தலையில் பூவும் கண்ணாடியும் வைத்துக் கிரீடம் மாதிரி கட்டிய பெரிய முடி இருக்கும். எந்த வீட்டுக் கிடாரிக்கு என்று மேய்ப்பன் மக்னுஸ்தான் முடிவு செய்வான், கடைசி வரை வாய் திறக்க மாட்டான். கோடையில் ஒரு மாடு செத்தாலும் அந்த வருஷம் யாருக்கும் முடி கிடையாது. தொடர்ந்து ஆறு வருஷம் ஒன்றும் சாகவில்லை, ஆறு வருஷமும் ஒட்டிலி வீட்டுக் கிடாரிக்குத்தான் முடி. என் கிடாரி லோரே அழகிலும் நடையிலும் அதற்கு எந்த விதத்தில் குறைச்சல்?

போன வருஷம் இறக்கத்துக்கு முந்தின நாள், மேலே சிதறிக் கிடந்த மாடுகளை மடக்க எல்லோரும் போனோம்.

"என்னடி ஆஃப்ரா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் ஒட்டிலி.

"என் மூஞ்சி, நான் எங்க வேணா வச்சுக்குவேன்."

"நாளைக்குச் சிரிக்கத்தான போற, பாக்கறேன்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாள் என்று நினைத்தேன். தனியாக வடக்குப் பக்கம் ஏறினேன்.

அங்கே பாறை விளிம்புக்குக் கீழே ஒரு புல்திட்டில் என் சின்னக் கிடாரி மிமி மாட்டிக்கொண்டு நின்றது. மேலே ஏறவும் வழியில்லை, கீழே அதல பாதாளம். மழையில் புல் வழுக்கியது. ஒரு குரல் கொடுத்தால் போதும், கயிறோடு நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். வாயைத் திறந்தேன். இது விழுந்தால் நாளைக்கு அவளுக்கு முடி இல்லை என்று மனசுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. வாயை மூடிக்கொண்டேன்.

கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிமி என்னைப் பார்த்துக் கத்தியது. ஒரு கால் வழுக்கியது. அப்புறம் திட்டில் புல் மட்டும் இருந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்களை நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

மேய்ப்பன் குடிசைக்கு ஓடினேன். "மக்னுஸ், என் மிமி விழுந்து செத்துப்போச்சு. முடிய எடுத்து உள்ள வச்சிடு, இந்த வருஷம் யாருக்கும் கெடையாது."

அவன் தொப்பியைக் கழற்றினான். "அக்கா, இத எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இந்த வருஷம் முடி உங்க லோரேக்குத்தான் வச்சிருந்தேன்."

"என்னடா உளர்ற?"

"ஒட்டிலியக்கா ஜூன்லயே வந்து சொல்லிட்டாங்க. 'எங்க வீட்டுக்கு ஆறு வருஷம் போதும்டா, ஆஃப்ரா வீட்டுக்குக் குடு. வாயத் தொறந்து கேக்கமாட்டா, ரோஷக்காரி'ன்னாங்க. பூகூட அவங்களே பறிச்சுக் கட்டினதுதான்."

மறுநாள் மந்தை வெறுந்தலையோடு இறங்கியது. வழியெல்லாம் ஒட்டிலி என் கையை விடவில்லை. "அழாதடி. எங்கிட்ட ஒரு கன்னுக்குட்டி இருக்கு, ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கன்று இப்போது என் கொட்டிலில் நிற்கிறது. வருகிறவர்களெல்லாம் அதன் முதுகைத் தடவி, "ஒட்டிலிக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.